விடுதி அறையில் ஃப்ளூ காய்ச்சல்: முதல் நாளிலிருந்து வகுப்புக்குத் திரும்பும் வரை

கோவையில் ஒரு கல்லூரி விடுதியில் ஆராய்ச்சி மாணவனாக ஐந்து வருடம் தங்கியிருந்தேன். எங்கள் தளத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் ஒரு அறையில் இருமல் கேட்கும். அந்த வாரம் முடிவதற்குள் வரிசையாக நாலைந்து அறைகளில் கேட்கும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஃப்ளூ தானாகவே சரியாகிவிடும். மூன்று நான்கு நாள் காய்ச்சல், ஒரு வாரம் அசதி, இரண்டு வாரம் இருமல், அவ்வளவுதான். நான் பார்த்த சிக்கல்கள் வேறு இடத்தில் வந்தவை. காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்தது, என்ன மாத்திரை எப்போது போட்டது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று கேட்டால் பதில் வராது. வீட்டில் இந்தக் கணக்கை அம்மா மனதிலேயே வைத்திருப்பார். விடுதியில் அதை வைத்திருக்க ஆள் இல்லை. கீழே உள்ள படிகளை இந்த வரிசையில் சொல்வதே அந்தக் கணக்கு விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான்.

இங்கே சொல்லும் மாத்திரை அளவுகள் 18 வயது தாண்டிய, வேறு நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு. ஆஸ்துமா, சர்க்கரை, இதயக் கோளாறு, கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்களும், கர்ப்பமாக இருப்பவர்களும் முதல் நாளே மருத்துவரைப் பாருங்கள். ஃப்ளூவுக்கென்று இருக்கும் ஓசல்டமிவிர் மருந்து, காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதை மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும். மேலே சொன்ன நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் காத்திருந்து பார்க்கும் வசதி இல்லை.

இப்போதே காய்ச்சலோடு படுத்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், 9ஆம் பகுதியை முதலில் படித்துவிட்டு மேலே வாருங்கள்.

1. காய்ச்சல் வருவதற்கு முன்பே ஒரு டப்பா

காய்ச்சல் பெரும்பாலும் இரவில்தான் ஏறும். அந்த நேரத்தில் விடுதிக் கதவு பூட்டியிருக்கும், மருந்துக்கடை மூடியிருக்கும். அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு பழைய டிஃபன் டப்பாவை எடுத்து இவற்றைப் போட்டு வையுங்கள்: ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், பாராசிட்டமால் ஒரு அட்டை, ஓஆர்எஸ் பொடி (உடம்பில் குறைந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிப்பது) நான்கு பாக்கெட், முகக்கவசம் ஐந்தாறு, ஒரு பொட்டலம் உப்பு, மடித்த ஒரு தாள், பேனா. கூடவே சரியாக 1 லிட்டர் பிடிக்கும் பாட்டில் ஒன்று வேண்டும். அறைக்கு ஒரு டப்பா இருந்தால் போதும். மூன்று பேர் காசு போட்டு வாங்கினால் பெரிய செலவில்லை.

ஓஆர்எஸ் வாங்கும்போது கவனியுங்கள். அட்டைப்பெட்டியில் குழல் போட்டுக் குடிக்கும் இனிப்புப் பானத்தை அதே பொருள் என்று நினைத்து வாங்கிவருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்கள் பெயரில் ஓஆர்எஸ் என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டது. உங்களுக்குத் தேவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் பொடி. பாக்கெட்டில் 20.5 கிராம் அல்லது அதை ஒட்டிய எடை போட்டிருக்கும்.

தாளின் முதுகில் விடுதிக் காப்பாளர், கல்லூரி மருத்துவ அறை, வீடு ஆகிய எண்களை எழுதுங்கள். 108 ஆம்புலன்ஸ் எல்லோருக்கும் தெரியும். 104 பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் எந்த நேரத்திலும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம் என்று அரசு வைத்திருக்கும் எண் அது.

ஃப்ளூ தடுப்பூசி வருடத்துக்கு ஒன்று. போட்டு இரண்டு வாரம் ஆன பிறகுதான் பாதுகாப்பு வரும் என்பதால் மழைக்கு முன்பே போட வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளிடம் இதை நான் விடாமல் சொல்வேன்.

2. முதல் ஒரு மணி நேரம்: சொல்லுங்கள், அளந்து பாருங்கள், எழுதுங்கள்

உடம்பு சுடுகிறது, குளிர்கிறது என்று தெரிந்ததும் முதல் வேலை மாத்திரை இல்லை. இரண்டு பேரிடம் சொல்வதுதான். ஒருவர் அறை நண்பர், இன்னொருவர் வேறு அறையில் இருப்பவர். இரண்டாவது ஆள் எதற்கு என்றால், அறை நண்பர் சனிக்கிழமை ஊருக்குப் போய்விடலாம், இரண்டு நாளில் அவரும் படுத்துவிடலாம். ‘தொந்தரவு பண்ண வேண்டாம், காலையில சொல்லிக்கலாம்’ என்று போர்த்திக்கொண்டு படுத்தவர்களைத்தான் மறுநாள் மதியம் நாக்கு வறண்டு கண் சொருகிய நிலையில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து அளந்து பார்ப்பது. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதை நம்பாதீர்கள். இப்போதுதான் டீ டம்ளரைப் பிடித்த கைக்கு எல்லா நெற்றியும் குளிர்ச்சிதான். தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில், ஓரமாக வைத்து, வாயை மூடி, சத்தம் வரும் வரை பேசாமல் இருங்கள். சூடாகவோ குளிர்ச்சியாகவோ எதையாவது குடித்திருந்தால் 20 நிமிடம் கழித்து வையுங்கள். அக்குளில் வைத்தால் அளவு குறைத்துக் காட்டும், அதனால் எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல்.

மாத்திரை போடுவதற்கு முன் அளப்பதுதான் முக்கியம். போட்டுவிட்டு அளந்தால் உண்மையான காய்ச்சல் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அப்புறம் தாளை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள்: நேரம், காய்ச்சல் அளவு, மாத்திரையின் பெயர், சிறுநீர். தாளின் தலையில் ‘முதல் நாள்’ என்று எழுதித் தேதியைப் போடுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனாவது நாள்?’ என்பதுதான். எந்தப் பரிசோதனை எடுப்பது என்பதே அந்தப் பதிலை வைத்துத்தான். தாளைக் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் தூங்கினாலும் வருகிறவர் பார்க்க முடியும்.

வீட்டுக்குப் பேசும்போது இந்த எண்களையே சொல்லுங்கள். ‘கொஞ்சம் உடம்பு முடியலம்மா’ என்றால் அம்மா இரவெல்லாம் தூங்க மாட்டார். ‘எட்டு மணிக்கு 101.6 இருந்துச்சு, மாத்திரை போட்டேன், இப்ப 100, கூட ஆள் இருக்காங்க’ என்றால் அவருக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

3. இது ஃப்ளூதானா என்று பார்ப்பது

சாதாரண சளி மெதுவாக வரும். முதலில் தும்மல், மூக்கொழுகல், காய்ச்சல் இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும். ஃப்ளூ அப்படியில்லை. காலையில் வகுப்பில் நன்றாக உட்கார்ந்திருப்பீர்கள், சாயங்காலம் எழ முடியாது. 101, 102 என்று காய்ச்சல், அடித்துப்போட்டது போல உடம்பு வலி, தலைவலி, தொண்டை வலி, வறட்டு இருமல். தொற்றிய பிறகு ஒன்று முதல் நான்கு நாளுக்குள் இப்படி ஆரம்பிக்கும். கோவிட்டும் இதே மாதிரி வரலாம். வீட்டுப் பராமரிப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மழைக்காலத்தில் நம் ஊரில் நீங்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது டெங்கு. கண்ணுக்குப் பின்னால் வலி, கடுமையான தலைவலி, மூட்டுவலி, வாந்தி, தோலில் சிவப்புப் புள்ளிகள் இருந்து, மூக்கொழுகலும் இருமலும் பெரிதாக இல்லை என்றால் ஃப்ளூ என்று முடிவு கட்டாதீர்கள். தேங்கிய மழைநீரில் நடந்தீர்களா, கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா? அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் அறையில் படுத்துக் காத்திருக்கக் கூடாது.

முதல் இரண்டு நாளில் டெங்குவையும் ஃப்ளூவையும் மருத்துவரே பார்த்த மாத்திரத்தில் பிரிப்பது கடினம். அதனால் டெங்கு இல்லை என்று தெரியும் வரை டெங்குவாக இருந்தாலும் கெடுதல் செய்யாத வழியிலேயே போக வேண்டும். 5ஆம் பகுதி முழுக்க அந்த எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

4. மாத்திரைக்கு முன் தண்ணீர்

காய்ச்சலில் வியர்வையும் வேகமான மூச்சும் உடம்பின் நீரை இழுத்துவிடும். தலைசுற்றல், தலைவலி, படபடப்பு ஆகியவை காய்ச்சலால் மட்டும் வருவதில்லை, பல நேரம் நீர் குறைந்ததாலும் வரும். இரண்டு டம்ளர் உள்ளே போனதும் எழுந்து உட்காரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுவதும் ஒரே லிட்டரில் கரையுங்கள். பாதியை டம்ளரில் கொட்டிக் கலக்குவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அப்படிச் செய்தால் உப்பு கூடிப்போய் குமட்டும், கெடுதலும்கூட. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள். பொடி இல்லையா? காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு தப்பக் கூடாது, சர்க்கரை கூடினால் வயிற்றுப்போக்கு வரும்.

நாள் முழுக்க ஓஆர்எஸ் மட்டும் குடிக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டில் அது, மற்றபடி வெந்நீர், கஞ்சித் தண்ணீர், ரசம், மோர், இளநீர் எதுவும் சரி. இளநீர் குடித்தால் சளி பிடிக்கும் என்று பயந்து தண்ணீரையே குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. பயமாக இருந்தால் இளநீரை விடுங்கள், தண்ணீரை விடாதீர்கள். வாந்தி வருகிறதென்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று வாய். மொத்தமாகக் குடித்தால் மொத்தமாக வெளியே வரும்.

எவ்வளவு குடித்தால் போதும்? லிட்டர் கணக்கைவிடச் சிறுநீரைப் பாருங்கள். வெளிறிய மஞ்சளாக, நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறையாவது போனால் சரி. அடர்ந்த மஞ்சளாக இருந்தால் போதவில்லை. தாளில் அந்தக் கட்டம் போடச் சொன்னது இதற்குத்தான்.

5. மாத்திரை: ஒன்றே ஒன்று, பெயர் தெரிந்தது

ஃப்ளூ காய்ச்சலுக்கு நீங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடியது பாராசிட்டமால் மட்டும்தான். டோலோ, கால்பால், குரோசின் என்று அட்டையில் என்ன பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது அதுதான். 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். 50 கிலோவுக்குக் குறைவாக இருப்பவர்களுக்கு 500 போதும்.

வெறும் வயிற்றில் போடக் கூடாது என்று சாப்பாடு வரும் வரை 103 டிகிரியோடு காத்திருப்பவர்கள் பலர். பாராசிட்டமாலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தண்ணீரோடு போடலாம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். காய்ச்சல் முழுவதுமாக 98.6க்கு வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 103 இருந்தது 101 ஆகி, எழுந்து தண்ணீர் குடிக்க முடிந்தால் மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது. காய்ச்சல் 100 அளவில் இருந்து, நீங்கள் நிம்மதியாகத் தூங்கினால் எழுப்பி மாத்திரை கொடுக்கவே வேண்டாம்.

போடக் கூடாதவை: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஆஸ்பிரின். உடம்பு வலிக்கு இவை பாராசிட்டமாலைவிட நன்றாகக் கேட்கும் என்பது உண்மை, அதனால்தான் அறைக்கு அறை கை மாறுகின்றன. ஆனால் டெங்குவில் ரத்தக்கசிவு ஆபத்தை இவை கூட்டும். ‘ஒரு ஊசி போட்டா சரியாயிரும்’ என்று கேட்டு வாங்கும் ஊசியும் பல நேரம் டைக்ளோஃபெனாக்தான். ஊசி என்றால் என்ன ஊசி என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அடுத்தது செட் மாத்திரை. மருந்துக்கடையில் போய் ‘காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க’ என்றால் அட்டையிலிருந்து வெட்டி, வெள்ளை, மஞ்சள், பாதி சிவப்பு கேப்ஸ்யூல் என்று காகித உறையில் போட்டுத் தருவார்கள். எது என்னவென்று உறையில் எழுதியிருக்காது. பாராசிட்டமால் இருக்கும், அலர்ஜி மாத்திரை இருக்கும், ஆன்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோகூட இருக்கலாம். இதை வாங்காதீர்கள். பெயர் படிக்கக்கூடிய அட்டையாக வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டாம் வருடப் பையன் ஒருவன் ஒரு நாள் இரவு ‘அண்ணா, வயிறு பிரட்டுது’ என்று வந்தான். என்னென்ன போட்டாய் என்று கேட்டு, இருந்ததையெல்லாம் என் மேசையில் கொட்டச் சொன்னேன். காலையிலிருந்து 650 பாராசிட்டமால் நான்கு. அறை நண்பன் கொடுத்த சளி மாத்திரை மூன்று, அதன் அட்டையைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படித்தால் ஒவ்வொன்றிலும் பாராசிட்டமால் 500. கூடவே ஒரு செட் உறை, அதில் இருந்த வெள்ளை மாத்திரை என்னவென்று கடைசி வரை தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் கூட்டினாலே 4100 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே 4000. அதைத் தாண்டினால் கல்லீரல் கெடலாம். அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ரத்தம் பார்த்தோம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. மூன்றும் மூன்று பேர் அன்போடு கொடுத்தது, யாரும் தவறு செய்யவில்லை. தாள் ஒன்று சுவரில் இருந்திருந்தால் இரண்டாவது ஆளே நிறுத்தியிருப்பார்.

ஆன்டிபயாடிக் பற்றி ஒரு வரி. அசித்ரோமைசின் மூன்று மாத்திரை அட்டையை விடுதியில் எல்லோரும் வைத்திருப்பார்கள். ஃப்ளூ வைரஸால் வருவது, அதன் மேல் ஆன்டிபயாடிக்குக்கு எந்த வேலையும் இல்லை. 2023 மார்ச்சில் எச்3என்2 ஃப்ளூ பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே இதைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்குவது அந்த மாத்திரையால் இல்லை, மூன்றாம் நாள் என்பதால்.

நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடியுங்கள், சித்த மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு. அதைக் குடிக்கிறோம் என்பதற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

6. மெஸ்ஸிலிருந்து என்ன கொண்டுவரச் சொல்வது

பசி இல்லாத முதல் நாள் வயிற்றை வற்புறுத்த வேண்டாம். குடிப்பது நிற்காத வரை பரவாயில்லை. இரண்டாம் நாளிலிருந்து இட்லி, குழைந்த ரசம் சாதம், அரிசிக் கஞ்சி, வாழைப்பழம், பிரெட் என்று கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து முறை சாப்பிடுங்கள். பூரி, பரோட்டா, மெஸ் குருமா வேண்டாம். நாக்குக்குக் காரமாக ஏதாவது கேட்கும். அதற்கு மிளகு ரசம் போதும், தொண்டைக்கும் இதமாக இருக்கும்.

பல விடுதிகளில் முன்கூட்டியே சொன்னால் நோயாளிகளுக்குத் தனியாகக் கஞ்சி வைத்துத் தருவார்கள். ‘அண்ணே, ரூம்ல ஒருத்தனுக்குக் காய்ச்சல், காலைல கொஞ்சம் கஞ்சி கிடைக்குமா?’ என்று முதல் நாள் இரவே சமையல்காரரிடம் கேளுங்கள். காலை எட்டு மணிக்குக் கூட்டத்தில் கேட்டால் அவராலும் முடியாது.

7. இரவைக் கடப்பது

மேல் கட்டிலில் படுப்பவர் என்றால் முதல் வேலையாகக் கீழ்க் கட்டிலுக்கு மாறுங்கள். காய்ச்சலில் ஏணி இறங்கும்போது தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு. எழும்போது ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். கழிவறைக்குப் போனால் கதவைச் சாத்துங்கள், தாழ்ப்பாள் போடாதீர்கள். வெளியே ஒருவர் நிற்கட்டும்.

குளிர் நடுக்கம் இருக்கும் அந்தக் கால் மணி, அரை மணி நேரம் போர்த்திக்கொள்ளலாம். நடுக்கம் நின்றதும் போர்வையை எடுத்துவிட்டு மெல்லிய பருத்தி உடையோடு ஃபேன் காற்றில் இருங்கள். ‘வேர்க்கட்டும், காய்ச்சல் இறங்கிரும்’ என்று மூன்று போர்வை போடுவது தவறு. உள்ளே சேரும் சூடு வெளியே போக வழியில்லாமல் காய்ச்சல் ஏறத்தான் செய்யும். நீரும் வீணாகும். 103க்கு மேல் போனால் குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து நெற்றி, கழுத்து, அக்குள், கை, கால் என்று துடைத்துவிடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். அது நடுக்கத்தைக் கிளப்பும், நடுக்கம் சூட்டைக் கூட்டும்.

படுக்கும் முன் கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீர், தெர்மாமீட்டர், சார்ஜ் போட்ட போன். துணைக்கு இருப்பவர் இரவு இரண்டு மணி வாக்கில் ஒரு முறை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். தெளிவாகப் பதில் வந்தால் நீங்களும் தூங்கலாம்.

8. மூக்கு, தொண்டை, இருமல், அறை நண்பர்கள்

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு நாளைக்கு மூன்று நான்கு முறை தொண்டையில் கொப்பளியுங்கள். இருமலுக்குப் படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேன். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் வெறும் உப்புநீர்ச் சொட்டு போதும். உடனே திறந்துவிடும் மூக்குச் சொட்டு மருந்துகளை மூன்று நாளுக்கு மேல் விடாதீர்கள். அதற்குமேல் போட்டால் மருந்தை நிறுத்தியதும் அடைப்பு முன்னைவிட அதிகமாக வரும்.

ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், வைரஸைக் கொல்லாது. கட்டில் மேல் கெட்டிலை வைத்துப் போர்வைக்குள் தலையை விடும் வேலை வேண்டவே வேண்டாம். அது சரிந்தால் தொடை வெந்துவிடும். தரையில், ஆடாத இடத்தில், அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்சம் ஆறிய தண்ணீர் போதும்.

ஃப்ளூ, அறிகுறி வருவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவும். தொடங்கிய பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவலாம். விடுதியில் தனி அறை கிடைப்பது அரிது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கட்டில்களை முடிந்தவரை தள்ளிப் போட்டுத் தலைமாட்டை எதிரெதிராக மாற்றுங்கள். யாராவது உள்ளே வரும்போது இரண்டு பேரும் முகக்கவசம். டம்ளர், துண்டு, போன் சார்ஜர் தனி. கதவுக் கைப்பிடி, சுவிட்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு 20 நொடி கழுவுங்கள். கடினமான பரப்பில் இந்த வைரஸ் ஒரு நாளுக்கு மேலும் இருக்கும்.

9. உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள், வாடகை வண்டி கிடைக்கவில்லை என்றால் 108:

மூச்சு வாங்குகிறது, ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. நெஞ்சு வலி. ஆக்ஸிமீட்டரில் 94க்குக் கீழே காட்டுகிறது (நகப்பூச்சோ மருதாணியோ இருக்கும் விரல் தப்பாகக் காட்டலாம், வேறு விரலில் பாருங்கள்). குழப்பமான பேச்சு, எழுப்பினால் எழாத மயக்கம், வலிப்பு. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. எதைக் குடித்தாலும் வாந்தி. கழுத்தை வளைக்க முடியாத விறைப்போடு கடும் தலைவலி. தாங்க முடியாத வயிற்று வலி. ஈறு, மூக்கிலிருந்து ரத்தம், கறுப்பு மலம், மாதவிடாயில் வழக்கத்தை மீறிய போக்கு.

துணைக்குப் போகிறவர் சுவரிலிருந்து அந்தத் தாளைப் பிய்த்துக்கொண்டு போங்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவில் இருக்கும் மருத்துவருக்கு உங்கள் விளக்கத்தைவிட அது உதவும்.

10. மூன்றாவது நாள்: காய்ச்சல் நின்றாலும் நிற்காவிட்டாலும்

முதல் நாளைப் பார்த்துக்கொள்ள எல்லோரும் வருவார்கள். மூன்றாம் நாள் யாரும் இருக்க மாட்டார்கள், தேர்வும் ரெக்கார்டும் அழைத்துவிடும். ஆனால் கவனம் அதிகம் தேவைப்படுவது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாளும் 101க்குக் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். மழைக்காலமாக இருந்து, டெங்கு சந்தேகம் இருந்தால் மூன்று நாள்கூட வேண்டாம். டெங்குவைக் கண்டுபிடிக்க முதல் ஐந்து நாளுக்குள் என்றால் என்எஸ்1 என்ற ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு என்றால் ஐஜிஎம் என்ற ரத்தப் பரிசோதனை. கூடவே முழு ரத்த அணுப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் இவை இலவசம். அறிக்கை வந்ததும் எல்லோரும் பிளேட்லெட்டை மட்டும் பார்க்கிறார்கள். பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்பது) என்ற எண்ணையும் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். அது ஏறினால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள்.

காய்ச்சல் நின்றுவிட்டதா? ஃப்ளூ என்றால் அதோடு உடம்பு தெளியும், பசிக்கும். டெங்குவில் நேர்மாறு. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான், அதாவது மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள், ஆபத்தான கட்டம் தொடங்கும். காய்ச்சல் 99, ஆனால் கை கால் சில்லென்று இருக்கிறது, வயிறு வலிக்கிறது, எழவே முடியாத சோர்வு என்றால் அது குணமாவது இல்லை. உடனே 9ஆம் பகுதி.

இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி காய்ச்சலும் சளியோடு இருமலும் வந்தால் நிமோனியாவாக இருக்கலாம். அதற்கும் மருத்துவர்தான்.

11. ஊருக்குக் கிளம்பலாமா?

வீடு ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்து, அப்பாவோ அண்ணனோ வண்டியோடு வந்தால் போங்கள். கோவையிலிருந்து திருநெல்வேலிக்கு இரவுப் பேருந்து என்றால் காய்ச்சல் இருக்கும்போது வேண்டாம். வழியில் கழிவறைக்கு எங்கே போவது என்று தண்ணீர் குடிக்காமல் ஏறுவார்கள், ஏற்கெனவே வறண்ட உடம்பு இன்னும் வறளும். நடுவழியில் மூச்சு வாங்கினால் எந்த ஊரில் இறங்குவது என்றே தெரியாது. பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டியம்மா இருப்பார், அவருக்கும் தொற்றும். காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆன பிறகு, பகல் பயணமாகப் போங்கள்.

12. வகுப்புக்குத் திரும்புவது

மாத்திரை எதுவும் போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் போகலாம். ‘மாத்திரை போட்டா காய்ச்சல் இல்ல’ என்பது இந்தக் கணக்கில் வராது. முதல் சில நாள் முகக்கவசத்தோடு உட்காருங்கள்.

வருகைப் பதிவு பயம்தான் பிள்ளைகளைக் காய்ச்சலோடு வகுப்புக்குத் துரத்துகிறது. 75 சதவீதம் கேட்கும் கல்லூரிகளில் அந்தப் பயம் நியாயமானதும்கூட. அதற்கு வழி இருக்கிறது. முதல் நாளே வகுப்பு ஆசிரியருக்குச் செய்தி அனுப்புங்கள். மருத்துவரைப் பார்த்தால் அன்றைக்கே ஓபி சீட்டைப் பத்திரப்படுத்தி, ஓய்வு நாட்கள் குறித்த சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். செமஸ்டர் கடைசியில் பழைய தேதிக்குச் சான்றிதழ் கேட்டு அலைவது வேதனையான வேலை.

இருமல் இரண்டு வாரம் வரை இழுக்கலாம், பயம் வேண்டாம். அதைத் தாண்டினாலோ, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தாலோ சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த. ஓட்டம், ஜிம், கால்பந்து எல்லாம் உடம்பு முழுக்கத் தெளிந்து ஒரு வாரம் கழித்து, மெதுவாக. ஃப்ளூ சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சி உண்டாக்கும். அந்த நேரத்தில் உடம்பை வருத்துவது ஆபத்து. விளையாடும்போது நெஞ்சு வலியோ படபடப்போ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

கடைசியாக, தலையணை உறையையும் போர்வையையும் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். தெர்மாமீட்டர் முனையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து டப்பாவில் வையுங்கள். தீர்ந்துபோன பாராசிட்டமால் அட்டைக்கும் ஓஆர்எஸ்ஸுக்கும் பதில் புதிதாக வாங்கிப் போட்டு, ஒரு வெற்றுத் தாளையும் மடித்து வையுங்கள். அடுத்த கட்டிலில் ஏற்கெனவே தும்மல் கேட்டுக்கொண்டிருக்கும்.